நண்டின் பதில்

புத்தகத்தில் உள்ள ஒரு பாட்டையாவது பிள்ளைகள் சபையில் பாட வேண்டும். தன் சிறுவர் பாடல் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்குச் செபநாயகம் மாஸ்டர் ஒப்புக்கொண்டது அதற்காகத்தான்.

தான் முன்பு படிப்பித்த குருநகர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வாடகை வான் வண்டியில் கூட்டி வந்திருந்தார். மட்டையில் வெட்டிய நண்டுக் கொடுக்குகளைக் கைகளில் மாட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். பாட்டு கேள்வியும் பதிலுமானது. கேள்வி மாஸ்டருடையது.

நண்டே நண்டே, பக்கம் பக்கமாய் ஏன் போறாய்?

பதிலைப் பிள்ளைகள் கத்த வேண்டும்.

நேரே போக விடாமல் நீயல்லோ மறிச்சு நிக்கிறாய்!

ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் சிரித்து விழுந்தார்கள். ஓய்வுபெற்ற பின் எழுதியவற்றில் அவருக்கே பிடித்த வரி அது.

விழா பிந்தித் தொடங்கியது. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, இன்னொரு ஆசியுரை. ஐந்தரைக்குப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூசன் வகுப்பு. மாஸ்டர் மேடையில் பக்கத்துக் கதிரையில் இருந்த விழாத் தலைவரின் காதருகே குனிந்தார். தலைவர் இராசநாயகம் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி.

"ஐயா, பிள்ளையளை முதல் விடுவம். அவைக்கு நேரம் போகுது."

"நிகழ்ச்சி நிரல் அடிச்சாச்சு, மாஸ்டர். பாட்டு உங்கடை ஏற்புரையோடை."

"புத்தகம் அவைக்குத்தானே."

"அதுதான் கடைசியிலை வைச்சிருக்கிறம். பொறுங்கோ."

வெளியீட்டுரை முடிந்தது. முதற்பிரதி வாங்க ஒருவர் வந்தார். சிறப்புப் பிரதி வாங்க ஊரே வரிசையில் வந்தது. ஒவ்வொருவரோடும் மாஸ்டர் படத்துக்கு நின்றார். பிள்ளைகளின் கொடுக்குகள் மடியில் கிடந்தன.

மதிப்பீட்டுரைக்கு வந்த விரிவுரையாளர் நண்டுப் பாட்டை எடுத்தார். பெரியவர் கேட்கும் கேள்விக்குச் சிறியது எதிர்த்துப் பதில் சொல்கிறது, இது சிறுவர் மனத்தில் எதை விதைக்கும் என்று கேட்டார். பிறகு சிறுவர் இலக்கியத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.

வெளியே வான்காரன் டினேஸ் ஹோர்ன் அடித்தான்.

மாஸ்டரின் மனைவி பெர்னடெட் முன்வரிசையிலிருந்து எழுந்து மேடையோரம் வந்தாள்.

"பள்ளிக்கூடத்திலை எல்லாரையும் எழுப்பி நிப்பாட்டின மனிசன். இப்ப எழும்பத் தெரியேல்லையோ?"

"எழும்பி என்ன செய்யிறது?"

"பாடுங்கோவன். அவர் மூச்சு விடுற இடத்திலை பாடுங்கோ."

மாஸ்டர் எழுந்தார். ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். விரிவுரையாளர் பேச்சை நிறுத்தினார்.

இராசநாயகம் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "கவிஞர் எழுந்துவிட்டார். நல்லது. பொன்னாடையை இப்போதே போர்த்திவிடுவோம்!"

"ஐயா, நான் அதுக்கு எழும்பேல்லை."

"வெக்கப்படாதேங்கோ, மாஸ்டர்."

ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பழைய மாணவர் சங்கம் இன்னொன்றோடு வந்தது. படப்பிடிப்பாளர், "சேர், கையை உள்ளுக்கை விடுங்கோ, ஆடை தெரியட்டும்" என்றார். மாஸ்டர் கையை உள்ளே விட்டார்.

மறுபடி ஹோர்ன். மூன்றாம் வரிசைக்காரர் முழங்காலை ஒடுக்கி வழி விட்டார்கள். பிள்ளைகள் பக்கவாட்டில் ஒவ்வொருவராக நகர்ந்து வெளியேறினார்கள். கடைசியாகப் போன ஜெசிதா வாசலில் நின்று ஒரு கொடுக்கைத் தூக்கிக் காட்டினாள். அசைக்க அவருக்குக் கை வெளியே இல்லை.

விரிவுரையாளர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஏற்புரைக்கு அழைத்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் இரண்டு பொன்னாடைகளையும் கழற்றிக் கதிரையில் போட்டார். நன்றி சொல்லவில்லை. மூன்றாம் வரிசையின் வெறும் கதிரைகளைப் பார்த்துப் பாடினார்.

"நண்டே நண்டே, பக்கம் பக்கமாய் ஏன் போறாய்?"

நிறுத்தினார். சபையைப் பார்த்தார். எல்லாருடைய மடியிலும் புத்தகம் இருந்தது. பதில் அதில் இருந்தது. ஒருவரும் திறக்கவில்லை.

மறுபடி, இன்னும் உரக்கக் கேட்டார்.

"நண்டே நண்டே, பக்கம் பக்கமாய் ஏன் போறாய்?"

இராசநாயகம் முதலில் கைதட்டினார். பாட்டு முடிந்ததென்று சபையும் தட்டியது.