கதவு கடித்த கை

அந்தப் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் ஒன்று இருந்தது: இயந்திரத்தில் நசுங்கிய கை, வீட்டுக் கதவிடுக்கில்தான் நசுங்கியது. கேட்பவர் டாக்டரானாலும் அதிகாரியானாலும் பதில் ஒன்றே. மாற்றிச் சொன்னவருக்கு மறுநாள் வேலை இல்லை.

விடியும் முன்பே தகடு வெட்டும் பிரஸ்கள் இடிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் நெடி தொண்டையை அறுக்கும். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பொத்தான்கள். இரு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. ஆனால் வேலை வேகமாக நடக்க, முதலாளியின் உத்தரவுப்படி வலப்பக்கப் பொத்தான்கள் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி மரச்சக்கை செருகப்பட்டிருந்தது. இடக்கை அழுத்த, வலக்கை தகட்டைத் தள்ளும். வேகத்தால் ‘மின்னல்’ என்று பெயரெடுத்தவளின் வலக்கை அப்படித்தான் மாட்டியது.

மருத்துவமனையின் கைப்பயிற்சி அறையில் அவளால் ஒரு பஞ்சுருண்டையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தைத்த தசைநாண் இன்னும் இழைநூல்போலப் பலவீனமாக இருந்தது. இடக்கையால் விரலை மெல்ல மடக்கி, மெல்ல விட்டாள். வலி தோள்வரை ஏறியது.

“எப்படி அடிபட்டுச்சு?” என்றார் பயிற்சியாளர்.

“கதவுல மேடம்.”

“போன வாரம் வந்தவரும் கதவு. அதோ அவரும் கதவு. உங்க பட்டறை ஆளுங்க கைன்னா கதவுக்கெல்லாம் அவ்வளவு ஆசையா?”

‘அவர்’ என்பது அவளுக்குத் துணையாக வந்திருந்த, பக்கத்துப் பிரஸ்ஸில் வேலை செய்யும் நெட்டையன். மின்னல் தலைகுனிந்தாள்.

“எதுவா இருந்தாலும், இப்ப வேலைக்குப் போனா நாண் அறுந்துடும். அப்புறம் இந்தக் கை மடங்கவே மடங்காது.”

வெளியே வந்ததும் நெட்டையன் தன் விறைத்த விரலை நீட்டினான். “பயிற்சியைப் பாதியில விட்டுட்டுப் போனவன் விரலைப் பாரு தங்கச்சி. சட்டை மாட்டுற ஆணியா இருக்கத்தான் லாயக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “நான் உண்மையைச் சொன்னா என்னைத் துரத்துவான் அண்ணே.”

“ஒருத்தியைத் துரத்துவான். எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னா?”

அன்று மாலை அவன் ஒவ்வொரு பிரஸ்காரரின் வீட்டுக்கும் போனான்.

மறுநாள் விடியலில் முதலாளி அவள் கைக்கட்டைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். “கதவு கடிச்சதுக்கு இத்தனை நாள் லீவா? போய் மெஷின்ல உக்காரு.”

“இன்னும் பயிற்சி முடியல சார். இப்ப வேலை செஞ்சா கை போயிடும்.”

“அப்ப வெளிய போ. கேட்டுல ஆளுங்க வரிசையா நிக்குது.”

நெட்டையன் தன் பிரஸ்ஸை அணைத்தான். அடுத்தது நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. அந்தக் கூரைக்கடியில் முதன்முறையாக மூச்சுச் சத்தம் கேட்டது. கையுறைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன: நுனியில்லா விரல்கள், வளைந்த விரல்கள், தையல் தடங்கள்.

“என்னடா நாடகம்? இவ வீட்டுக் கதவுக்கு நானா பொறுப்பு?” முதலாளியின் குரல் கீச்சிட்டது.

மின்னல் தன் பிரஸ்ஸை நோக்கி நடந்தாள். இடக்கையால் அந்த மரச்சக்கையைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்க உயர்த்தினாள்.

“எங்க வீட்டுக்குக் கதவே கிடையாது சார். சாக்குதான் தொங்குது. என் கையை நசுக்கினது இந்த மெஷின்!”