பூச்சி கடித்த கத்தரிக்காய்

விளைச்சலைப் பீடத்தில் படைக்கும் அறுப்புப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மாலை, ஆஞ்சலா ஒரு கூடையோடு காக்ஸ் டவுனில் இருந்த தன் தேவாலயத்துக்குப் போனாள். கூடையில் இரண்டு கட்டுத் தண்டுக்கீரை, ஒரு கைப்பிடி பச்சை மிளகாய், பதினொரு கத்தரிக்காய். எல்லாம் அவள் வீட்டு மொட்டை மாடியில், பழைய பெயின்ட் வாளிகளில் விளைந்தவை. பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்துவிட்டு வந்து, அரிசி கழுவிய தண்ணீரை மாடிக்குச் சுமந்து ஊற்றி வளர்த்தவை.

பீடத்தின் முன்னால் கமிட்டிச் செயலாளர் டிரேவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், டெகரேஷன்காரர்கள் மார்க்கெட்டிலிருந்து வந்த கேரட்டையும் குடைமிளகாயையும் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

டிரேவர் ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஓட்டை இருக்கேம்மா."

"பூச்சி கடிச்சிருக்கு அண்ணா. மருந்து அடிக்கல."

"போட்டோ எடுப்பாங்க, லைவ் போகும். பீடத்துல இத வெச்சா நல்லாவா இருக்கும்? கடையில நல்லதா வாங்கிக் குடுத்துடு."

"விளைஞ்சதைத்தானே அண்ணா படைக்கணும்?"

அவர் கூடையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அவள் கணவன் சிரில், "விடு ஆஞ்சி. கால் கிலோ கேரட் வாங்கிக் குடுத்துட்டா முடிஞ்சுது" என்றான்.

"வாங்க மாட்டேன்" என்றாள்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே எழுந்தாள். ஓட்டை விழுந்த பாகங்களை வெட்டி எறிந்தாள். கீரை, கத்தரிக்காய், மிளகாய், பூண்டு எல்லாவற்றையும் கொஞ்சம் புளியோடு வேகவைத்து, மத்தால் மசியக் கடைந்தாள். கடுகும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டியபோது, "வாசனை பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே சிரில் அடுப்படிக்கு வந்தான். அவளுக்குக் கோபம் மட்டும் தணியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் விருந்துக்கு வரிசையில் நின்றார்கள். ஆஞ்சலா கடைசல் பாத்திரத்தைக் கேட்டரிங் மேசையின் கடைசியில் வைத்து, கரண்டியோடு நின்றாள். டிரேவர் வேகமாக வந்தார்.

"வெளிச் சாப்பாடு அலவ்ட் இல்லம்மா. எடு."

"வெளிச் சாப்பாடா? இது அடுத்த தெருவுல விளைஞ்சது. நீங்க அடுக்கி வெச்ச கேரட் எந்த ஊர்ல விளைஞ்சதுன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரேவரின் முகம் சிவந்தது.  ஆஞ்சலா பாத்திரத்தை விட்டு நகரவில்லை.

பிரியாணி சமைத்த கேட்டரிங்காரர் ராம்கிதான் முதலில் தட்டை நீட்டினார். "ஒரு கரண்டி போடுங்க மேடம்." சோற்றில் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை நீட்டினார். அவருக்குப் பின்னால் சிலர் வந்தார்கள். பலர் டிரேவரைப் பார்த்துவிட்டு, பிரியாணியோடு விலகிப் போனார்கள். பாதிப் பாத்திரம் மீந்தது.

மாலையில் சபையின் வாட்ஸ்அப் குழுவில் டிரேவர் எழுதியிருந்தார்: 'இனி வீட்டில் சமைத்த உணவு அனுமதிக்கப்படாது.'

"பதில் போடாத ஆஞ்சி" என்றான் சிரில்.

ஆஞ்சலா தட்டச்சு செய்தாள்: 'அடுத்த வருஷமும் கொண்டு வருவேன். இன்னும் பெரிய பாத்திரத்தில்.'

அனுப்பிவிட்டு, மாடி வாளிகளில் விதைக்க வெந்தய விதை ஊறப்போட எழுந்து போனாள்.