உப்புக் கரித்த டீசல்

ஒரே மாதத்தில் மூன்று தடவை டீசல் டேங்கைக் காலி செய்து துடைத்த ஆளைக் கேளுங்கள், அலுப்பு என்றால் என்னவென்று சொல்வார். முழங்கையில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் ஏறும். சாப்பாட்டில் கை வைத்தால் டீசல் வாடை, தலையணையில் முகம் வைத்தால் டீசல் வாடை. சோப்புதான் கரைகிறதே தவிர வாடை போவதாக இல்லை. படகு டிரைவரின் நிலைமை அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. போதாக்குறைக்கு, வீட்டில் மனைவி அவரோடு பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவர் ஓட்டுவது முப்பது பேர் உட்காரும் பயணிகள் படகு. ஆறு கடலில் சேருகிற இடத்தில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாற்பது நிமிஷ ஓட்டம். அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மனுஷனுக்குச் சுத்தப் பைத்தியம். கடைசி நடை முடிந்ததும் வாளியைக் கயிற்றில் இறக்கித் தண்ணீர் மொண்டு, மேல்தளம் முழுக்க இருபது வாளி ஊற்றித் தேய்க்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. தளத்தில் பதித்திருக்கும் டேங்க் மூடி பித்தளை. அதையும் விடமாட்டார். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னும்.

"மாமா, இதை ஓட்டப் போறீங்களா, இல்ல அலங்காரம் பண்ணிக் கல்யாணம் கட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்பான் மைத்துனன்.

மைத்துனன் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. படகில் எஞ்சின் பார்த்தவன் அவன்தான். பெட்ரோல் பங்கிலிருந்து கேன்களில் டீசல் வாங்கிவந்து டேங்கில் ஊற்றுவதும் அவன் வேலை. எண்ணி எண்ணிப் பேசுகிற ஆள். பதினோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே படகில் வேலை பார்த்தார்கள், முகம் கோணி ஒரு வார்த்தை வந்ததில்லை. எல்லாம் போன மாதம் வரைக்கும்தான்.

போன மாதம் ஒரு காலை, நட்ட நடு ஆற்றில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. டீசலை வடிகட்டும் ஃபில்டருக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனத்துக்கு அடியில் போய்த் தங்கும், மேலே டீசல் நிற்கும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். டேங்கைத் திறந்து பார்த்தால் அடியில் தண்ணீர், அதன் மேல் கறுப்பாக வழவழவென்று ஒரு பாசி. இரண்டு பேரும் குப்புறப் படுத்து, கையை விட்டு, துணி துணியாகத் துடைத்து எடுத்தார்கள். புது டீசல் ஊற்றினார்கள். பத்தே நாளில் மறுபடி நின்றது. மறுபடி துடைத்தார்கள். மூன்றாவது தடவை நின்றபோது படகு ஆபீஸ்காரர் துறையிலேயே காத்திருந்து, பயணிகள் முன்னாலேயே டிரைவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அந்தச் சூட்டோடு டிரைவர் எஞ்சின் அறைக்குள் இறங்கினார். மைத்துனன் கிண்ணத்துத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்புக் கரிக்குது மாமா," என்றான். "பங்குல கலந்த தண்ணியா இருந்தா உப்பா இருக்காது."

நியாயமான பேச்சு. நின்று நிதானமாக யோசிக்க வேண்டிய பேச்சு. யோசிக்க அவருக்குத் தெம்பு எங்கே இருந்தது?

"அப்ப பங்குல கலக்கல, நீ கலந்திருக்கே!" என்று கத்தினார். "வழியில பாதி டீசலை வித்துட்டு, ஆத்துத் தண்ணிய ஊத்திக் கொண்டுவந்திருக்கே. அதான் உப்பு! இனிமே இந்தப் படகுல ஒரு மூடியக்கூட நீ தொடக் கூடாது!"

மேலே இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்பார்களே, அதுதான். மைத்துனன் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, படகிலிருந்து இறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு டிரைவரே பங்குக்குப் போனார், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்று டீசல் பிடித்தார். துணியில் வடிகட்டினார். பாட்டிலில் ஊற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்பது நாள் படகு நிற்கவே இல்லை. 'பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே' என்று சொல்ல வாய் துடித்தது, ஆனால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி தட்டை வைப்பாள், உள்ளே போய்விடுவாள்.

பத்தாம் நாள் மத்தியானம் இரண்டரை மணி நடைக்கு மைத்துனன் ஒரு டிரங்குப் பெட்டியோடு துறைக்கு வந்தான். கூடவே அவன் அக்கா. தூரத்து ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே போக அக்கரையிலிருந்து நாள் ஒன்றுக்கு ஒரே பஸ், மூன்றரை மணிக்கு. அக்கரைக்குப் போக இந்த ஒரு படகு. வேறு வழியிருந்தால் அவன் இதில் ஏறியிருக்க மாட்டான்.

"டிரைவர் சார், அந்தக் கரைக்கு ரெண்டு டிக்கெட்," என்றான்.

சார்! டிரைவருக்குக் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது. போகிறவன் போகட்டும் என்று மனசை இறுக்கிக்கொண்டு படகை எடுத்தார். ஆனாலும் உள்ளுக்குள் தெரியும், இன்றைக்கு இவன் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டால் அவ்வளவுதான், திரும்பி வரமாட்டான். அவள் வாயும் திறக்காது.

நடு ஆற்றுக்கு வந்ததும் எஞ்சின் இருமியது. இரண்டு தடவை முனகியது. நின்றது.

"மறுபடியுமா?" என்று பெருமூச்சு விட்டார் தினமும் இந்தப் படகில் போகிற ஒரு நர்ஸம்மா. குடைக்காரர் ஒருவர், "இனிமே நீச்சல் கத்துக்கிட்டு ஏறணும் போல," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். டிரைவர் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். கிண்ணத்தில் மூன்று விரல் தண்ணீர் நின்றது.

அவர் வாங்கிய டீசல். அவர் வடிகட்டிய டீசல். மைத்துனனின் நிழல்கூட ஒன்பது நாளாக இந்தப் படகில் விழவில்லை. டிரைவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தால், மேலே மனைவி அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டேங்கின் அடிக் குழாயைத் திறந்து, தண்ணீரைத் தகர டின்னில் இறக்கினார். கிண்ணத்தைக் காலி செய்தார். அடுத்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் கைப்பம்பை அடிக்க, இன்னொருவர் திருகாணியைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். ஒற்றை ஆளாக அவர் அடிப்பதும் தாவிப் போய்த் திருகுவதுமாகத் தடுமாறுவதை மைத்துனன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். ஸ்பேனரை எடுத்தான்.

"அடிங்க."

அடித்தார்.

"காத்து வருது. இன்னும் அடிங்க... நுரை நிக்கல... ம், டீசல் வந்துடுச்சு. போதும்."

இருவரும் மேலே வந்தார்கள். டின்னைத் தூக்கி வைத்தபோது தளத்தில் கொஞ்சம் டீசல் சிந்தியது. படகு நடு ஆற்றில் நிற்கிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது, தலைக்கு மேல் பிரச்சினை. இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பழக்க தோஷம், வாளியை எடுத்து ஆற்றில் இறக்கி, மொண்டு, சிந்திய இடத்தில் ஊற்றினார்.

தண்ணீர் பரவி, பித்தளை மூடியைச் சுற்றித் தேங்கியது. மூடியின் ஓரத்திலிருந்து ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு குளுக் குளுக்கென்று வரிசையாக வந்தன. தேங்கிய தண்ணீர் அவர் கண் முன்னாலேயே வற்றி உள்ளே போனது.

டிரைவர் வாளியோடு நின்றார். பிறகு மண்டியிட்டு மூடியைத் திருகிக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கமும் பளபளவென்று மின்னியது. தண்ணீர் புகாமல் அடைக்க அங்கே ஒரு ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். இல்லை.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் ஒரு சாயங்காலம் மூடிக்குப் பாலீஷ் போட உட்கார்ந்தபோது, அடியில் வட்டமாக, கறுப்பாக, நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி ஆற்றில் எறிந்தது அவரேதான். எவ்வளவு அழுக்கு என்று அன்றைக்குப் பெருமைப்பட்டு வேறு தொலைத்திருந்தார். அன்றிலிருந்து தினமும் இருபது வாளி உப்புத் தண்ணீர். டேங்கில் தண்ணீர் கலந்தது யார் என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறார்!

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்றார். அன்றைக்கு எல்லார் காதிலும் விழக் கத்தியவர், இன்றைக்கும் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. டேங்குல தண்ணி ஊத்தினது நான். வாஷரை அழுக்குன்னு நெனச்சு நானே சுரண்டிப் போட்டுட்டு, தினமும் நானே தண்ணி ஊத்தியிருக்கேன். என் மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. அநியாயமாப் பழி போட்டுட்டேன்."

படகில் யாரும் சிரிக்கவில்லை. மைத்துனன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்து நீட்டினான். பிரித்தால் புத்தம்புது வாஷர்.

"இது எப்ப வாங்கினே?"

"உப்புன்னதும் சந்தேகம் வந்துச்சு, அன்னைக்கு இறங்கிப் போறப்பவே மூடியத் திறந்து அடிப்பக்கம் பார்த்துட்டேன். சாயங்காலமே வாங்கிட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"இனிமே மூடியத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே, எப்படி மாட்டறது?" என்றான் அவன். "சொன்னா நம்பியிருப்பீங்களா? போறப்ப அக்கா கையில குடுத்துட்டுப் போகலாம்னு வச்சிருந்தேன்."

டிரைவர் கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து வாஷரை மாட்டினார். மைத்துனன் அடிக் குழாயை இன்னொரு தடவை திறந்து, இப்போது புகுந்த தண்ணீரையும் இறக்கினான். எஞ்சின் ஒரே முறுக்கில் கிளம்பியது. சும்மா சொல்லக் கூடாது, ஒரு மாதமாக அது அப்படி ஓடியதே இல்லை.

அங்கேதான் வந்தது வினை. ஒரு மாதமாக நிற்காதே நிற்காதே என்று கெஞ்சிய மனுஷன், அக்கரை நெருங்க நெருங்க, ஒரே ஒரு தடவை நின்று தொலையேன் என்று வேண்டிக்கொண்டார். அது கேட்கவில்லை. அவராகவே வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். கரையில் பஸ் நிற்பது தெரிந்தது.

"ஏன் இப்படி உருட்டுறீங்க?" என்றான் மைத்துனன். "பஸ் போயிடும், மாமா."

டிரைவர் திரும்பவில்லை. "புது வாஷர் போட்டிருக்கு. மெதுவாத்தான் பழக்கணும்," என்றார். வாஷரைப் பழக்குவதாம்! குடைக்காரர்கூட ஒன்றும் சொல்லாமல் குடையைப் பார்த்துக்கொண்டார்.

படகு துறையைத் தொட இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பஸ் புகையைக் கிளப்பிவிட்டுப் புறப்பட்டது. மைத்துனன் அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்தான். பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"நாளைக்கும் பஸ் இருக்கு," என்றான்.

ஒன்பது நாளாகப் புருஷனிடம் வாய் திறக்காதவள், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே தம்பிக்குப் பதில் சொன்னாள்.

"நாளைக்கும் இவருதானே ஓட்டப் போறாரு."