ஒரே மடக்கில் இரண்டு மாத்திரை

தையல்காரிக்கு மாதவிலக்கு வந்துவிட்டால் உதிரம் ஓயாமல் கொட்டும். அந்த நாட்களில் கடைக்குக் கறுப்புப் புடவைதான். தைராய்டு சுரப்பு குறைந்ததால் வந்த பாடு, மாத்திரை உடம்பில் பிடித்தால் அடங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வருஷம் ஓடியும் அடங்கவில்லை. இன்னொரு பிள்ளைக்கு ஏங்கியவளிடம், கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது.

"மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா?"

"நானே கையில குடுக்கறேன் டாக்டரம்மா" என்று புருஷன் நெஞ்சை நிமிர்த்தினான். "காலையில வெறும் வயித்துல, தைராய்டு மாத்திரையும் ரத்தம் ஊற இரும்பு மாத்திரையும் ஒரே மடக்குல."

"சேர்த்தா குடுக்கறீங்க? இரும்பு அந்த மாத்திரையை உடம்புல சேரவே விடாதே! நடுவுல நாலு மணி நேரமாவது விடணும்."

"மறந்துடுவாளேன்னுதான்..." அவன் குரல் உள்ளே போனது.

"அப்போ ஆபரேஷன்?" என்றாள் அவள்.

"பிரிச்சுப் போடுங்கம்மா. ரெண்டு மாசம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும், "நாலு வார்த்தை திட்டிடேன்" என்றான் அவன்.

"திட்டினா ராத்திரி சாப்பிட மாட்டீங்க, அதுக்கும் நான்தான் கெஞ்சணும். அந்த மாத்திரை அட்டைகளைக் குடுங்க, இனி நானே பார்த்துக்கறேன்."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். அவன் கையைப் பிடிக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.