பேனா மூடியில் வெள்ளை

பெயிண்டருக்கு எழுத்து கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பஸ் போர்டு, மாத்திரை அட்டை, எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுக் கூட்டிப் படிக்காமல் அவரால் நகர முடியாது. எல்லாம் பன்னிரண்டாவது படிக்கும் மகள் சொல்லிக்கொடுத்தது.

நேற்று அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். இன்று காலையே மேஸ்திரி அங்கே வெள்ளையடிக்க ஆள் அனுப்பிவிட்டார். பெண்பிள்ளைகள் கழிப்பறை இவருக்கும் கூட வேலை செய்யும் நெட்டையனுக்கும். சுவரெல்லாம் மார்க்கர் கிறுக்கல். பிரைமர் போடாமல் அடித்தால், காய்ந்ததும் மை மறுபடி மேலே எட்டிப் பார்க்கும்.

"வாத்தியாரே, பரீட்சையா எழுதப் போற? செவுத்தைப் படிக்காம அடிய்யா" என்றான் நெட்டையன்.

"இரு, ரெண்டே வரி."

அந்த வரிகள் மூன்றாவது கதவுக்குப் பின்னால் இருந்தன. 'பெ... யி... பெயிண்டர் மகள்' என்று கூட்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, நம்மை மாதிரி இன்னொருத்தனும் இருக்கிறான் போல என்று. 'பொண்ணையே லவ் பண்றா.' கீழே நாலைந்து கையெழுத்தில் வசவுகள். சிலதை உச்சரிக்க நாக்கு கூசியது. 'செத்துத் தொலை' என்பதைக் கூட்டி முடிக்க வெகுநேரம் பிடித்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பொடியாக ஒரு வரி: 'சரி. லீவு விட்டதும்.'

அதை மட்டும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் எழுதிப் பழகியிருந்தார்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அவளுடைய நல்ல பேனா. நேற்றுச் சாயங்காலம் கொடுத்தாள். "நீயே வச்சுக்கப்பா, எனக்கு இனிமே வேணாம்." என் மகளுக்கு என்ன மனசு பார் என்று காலையில்தான் நெட்டையனிடம் பெருமையடித்திருந்தார்.

மகளுக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. "எங்கய்யா ஓடுற?" என்ற குரல் பின்னால் எங்கோ கேட்டது.

வீடு உள்ளே தாழிட்டிருந்தது. "பாப்பா... நான்தான்." தாழ்ப்பாள் விலகுவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கண் வீங்கி நின்றாள். "என்னப்பா, வேலை இல்லையா?"

சுற்றி வளைத்துப் பேச அவருக்கு வராது. "சாகணும்னு இருக்கியா?"

அவள் தரையைப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"செவுத்துல படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"கடைசி வரி வரைக்கும்."

"அப்ப அந்தப் பொண்ணு விஷயமும்..."

"அதுவும்தான். எனக்கு அது புரியலம்மா. புரிய நாளாகும். 'அ' போடவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. நீ திட்டுனியா, விரட்டுனியா? இதையும் நீதான் சொல்லித் தரணும். நீ இருந்தாத்தான முடியும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில இதுக்குன்னு பேசுற டாக்டர் இருக்காங்களாம். இப்பவே போவோம். நீ நல்லாகுற வரைக்கும் உன்ன விட்டு நகர மாட்டேன்."

மேஸ்திரியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

பேனாவை எடுத்து நீட்டினார். வெகுநேரம் கழித்து வாங்கினாள். மூடியில் அவருடைய கட்டைவிரல் ரேகை வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதைத் துடைத்துப் பார்த்தாள். இன்னும் காயாத பெயிண்ட் அவள் விரலிலும் ஒட்டிக்கொண்டது.