ஒலியை நீக்கு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்புறத்தில் அவன் லென்ஸின் விளிம்பைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. சூடேறாமல் இருக்கச் சக்கரத்தின் மேல் எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஈரக் கட்டைவிரலால் போனைத் தள்ளிப் பார்த்தான். ஈர விரல் அதற்குத் தெரிவதில்லை. துணியில் கையைத் துடைப்பதற்குள் மணி நின்றுவிட்டது. அவனே திரும்பக் கூப்பிட்டான்.

அம்மா இறந்துபோனதிலிருந்து இருவரும் நலம் விசாரித்துக்கொள்வதை விட்டிருந்தார்கள்.

"அம்மா வீடியோவெல்லாம் உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன்டா. மொதல்ல வந்த ஒண்ணு ரெண்டத் தவிர எதுலயும் சத்தம் இல்ல. நீ எடுத்த அசல் சத்தத்தோட அப்படியே இருக்கும்ல? அத அனுப்பேன்."

"அம்மாவுக்குத்தான் குரலே இல்லியேக்கா."

"மூச்சு இருந்துச்சுல்ல," என்றாள்.

பார்க்கிறேன் என்றான். எங்காவது இருக்கும், தேடி எடுக்க வேண்டும் என்றான். சொல்லும்போதே அது பொய்யென்று அவனுக்குத் தெரியும்.

தொண்டை அறுவைக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் இல்லை. கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. வாய் அசையும், சொல் வராது. ஆஸ்பத்திரியில் அக்காதான் கூட இருந்தாள். வெளியூர் வேலையிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தவள், இரவும் பகலும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்து, திரும்பிப் போவதற்குள் அம்மாவின் உதட்டை முழுதாகப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அம்மா அவன் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அவன் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பாடு, மருந்து, விசிறி, கதவு. இவற்றுக்குக் கை போதும். மற்றதற்கு அம்மா நாற்காலியின் கையைத் தட்டுவாள். யாராவது வந்து நிற்பார்கள். அவள் வாயசைப்பாள். புரியாதவர்கள் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மனைவிக்குப் பாதி புரியும். அவன்தான் அதிகம் தலையாட்டியவன்.

அதனால் வாரம் ஒருமுறை அவன் போனைப் பிடிக்க, அம்மா அக்காவிடம் பேசினாள். பேச்சு அவனைத் தாண்டிப் போகும். என்ன சொல்கிறாள் என்று தெரியாமலே எடுப்பான், அனுப்புவான். அக்கா எழுத்தில் பதில் அனுப்புவாள். அதை அவன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான். "இல்லம்மா, நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன்" என்று ஒருமுறை வந்தது. எதைச் செய்தாள் என்று அவன் கேட்கவில்லை. தன் வீட்டு அஞ்சலை அடுத்தவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரன் மாதிரி இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை.

சாதாரணமாக அனுப்பினால் படம் கெட்டுப்போனது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாக ஏதோ நெளிந்தது. அக்காவால் படிக்க முடியவில்லை. கலங்கல் அவனுக்குப் பொறுக்காது. அதை நீக்குவதுதான் அவன் தொழில். வீடியோவைச் சுருக்கும் ஆப் ஒன்றை இறக்கி, கண்பரிசோதனை அட்டையைப் பார்ப்பதுபோல அதிலிருந்த சுருக்கும் முறைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். புது முறையில் சுருக்கினால் கோப்பு பாதியாகிவிடும், உதடும் தெளிவாக இருக்கும். ஆனால் அக்காவின் பழைய போனில் அது திறக்கவில்லை, கறுப்புத் திரைதான் வந்தது. பழைய முறை எந்தப் போனிலும் திறக்கும். ஆனால் உதடு தெரியும்படி வைத்தால் கோப்பு பெருத்துவிடும். கடைசியில் பழைய முறையையே வைத்துக்கொண்டான். அக்காவால் மறுபடி படிக்க முடிந்தது. அந்த வாரம் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரம் வந்த பதிலுக்குக் கீழே அவனுக்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. ஏன்டா அம்மாவ விரட்டுற, போன் புடிக்கக் கஷ்டமா இருந்தா சொல்லு.

அனுப்பியதைத் திரும்பப் போட்டுக் கேட்டான். அம்மா வாயசைத்துக்கொண்டிருக்க, அருகிலிருந்து அவன் குரல்: சீக்கிரம்மா. ம், அப்புறம். போதும்மா, மிச்சத்த அடுத்த வாரம் சொல்லு. போனுக்குப் பக்கத்தில் இருந்ததால் அவன் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அடுத்த வாரம் ஆப்பில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது. 'ஒலியை நீக்கு.' டிக் போட்டான். அதற்குக் கீழே 'முடிந்ததும் அசலை அழி' என்றிருந்தது. போன் நிறைந்திருந்தது, அதற்கும் போட்டான். சத்தத்தை எடுத்துவிட்டால் கோப்பு சின்னதாகும், சீக்கிரம் வந்து சேரும் என்று அக்காவுக்கு எழுதினான். சரிடா, உதடு தெரிஞ்சாப் போதும் என்று அவளும் எழுதினாள். அன்றிலிருந்து எல்லாம் அப்படியேதான் போயிற்று. மகளின் விளையாட்டு விழா வீடியோக்களை மட்டும் அவன் சுருக்கவில்லை.

அக்கா கூப்பிட்ட அன்று மாலை வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். விளையாட்டு விழா வீடியோ ஒன்றை எடுத்து, சத்தத்தோடு ஒருமுறை, சத்தமில்லாமல் ஒருமுறை சுருக்கிப் பார்த்தான். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. போனில் ஒரே பூனையைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் கிடந்தன.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டதைச் சொன்னான்.

"அழிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்க. போன் கெட்டுப்போனா எல்லார் வீட்லயும் நடக்கிறதுதானே."

"போன் கெட்டுப்போகலியே."

"அப்ப நீங்களே அழிச்சீங்கன்னு சொல்லுங்க."

அவள் மகளின் சட்டையை உதறி மடித்தாள். "அன்னிக்கே கேட்டேன், சத்தத்த ஏன் எடுக்கிறீங்கன்னு. சைஸு சைஸுன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க," என்றாள்.

பூனைப் படங்களை அழித்துக்கொண்டே போனபோதுதான் அது அகப்பட்டது. அம்மாவின் வீடியோ, சுருக்கும் வேலை பாதியில் நின்றுபோன ஒன்று. சுருக்கும்போது போனில் சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். வேலை முடியாததால் அசல் அழியவில்லை. அடுத்த வாரத்ததோடு சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். அடுத்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்படி ஒன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது.

கூடத்தில் யாருமில்லாதபோது போட்டுப் பார்த்தான்.

முதலில் மூச்சு. காற்று நுழைந்து வெளியேறும் அந்தச் சீறல், வீட்டில் எந்நேரமும் இருந்து யார் காதிலும் விழாமல் போனது. நாற்காலி கிறீச்சிட்டது. எங்கோ குழாய் திறந்து மூடியது. அம்மா வெகுநேரம் அக்காவிடம் பேசினாள். நடுவில் அவன் குரல், நேரமாச்சும்மா. அவள் நிறுத்தினாள். கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் சற்று மேலே ஏறின. போனுக்குப் பின்னால் இருந்த அவனைப் பார்த்தாள். நாற்காலியின் கையை மெல்லத் தட்டினாள். எதையோ சொன்னாள். நீளமாக இல்லை.

"எனக்குப் புரியாதும்மா. அக்காகிட்டச் சொல்லு," என்றது அவன் குரல்.

அம்மா மறுபடி அதையே சொன்னாள். இந்த முறை மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. படம் குலுங்கி நின்றது.

அவன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். உதடு துல்லியமாகத் தெரிந்தது. மேலுதட்டின் வெடிப்புகூடத் தெரிந்தது. கண்ணாடி முன் போய் நின்று அதேபோல வாயை அசைத்துப் பார்த்தான். சொல் எதுவும் வரவில்லை. மனைவியிடம் காட்டலாம் என்று எழுந்து, அவள் அவன் குரலையும் கேட்பாள் என்று உட்கார்ந்தான்.

மறுநாள் கடையில் கூட்டமில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த முதலாளி எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் தேய்க்கிறாயா போனைத் தேய்க்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் அக்காவுக்கு எழுத ஆரம்பித்து அழித்தான். மறுபடி எழுதினான். மத்ததெல்லாம் நான்தான் அழிச்சேன்க்கா. இது ஒண்ணுதான் மிச்சம். கடைசில அம்மா என்கிட்ட ஏதோ சொல்றா. என்னன்னு சொல்லு.

ஆப்பைத் திறந்தான். கோப்பைத் தொட்டதும் பழைய பக்கம் வந்தது. போன தடவை செய்தவற்றை அது மறக்கவில்லை. 'ஒலியை நீக்கு' என்பதில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. உதடு மட்டும் போனால் போதும். அக்கா படித்துவிடுவாள். சத்தம் எங்கே என்று கேட்டால், இதிலும் இல்லை என்று சொல்லிவிடலாம்.

டிக்கை எடுத்தான். எழுதியதையும் சேர்த்து 'சுருக்காமல் அனுப்பு' என்பதைத் தொட்டான்.

நீலக் கோடு ஓர் ஓரத்திலிருந்து நகர ஆரம்பித்தது. நகர்கிறதா என்று சந்தேகப்படும்படி நகர்ந்தது. அதன் முனையில் சிறிய பெருக்கல் குறி. தொட்டால் எல்லாம் நின்றுவிடும். கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனான். எடுத்தான். மீண்டும் கொண்டுபோனான்.

பிறகு போனைச் சாய்த்து நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மேலிருந்த குழாயைத் திறந்து இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை நனைத்துக்கொண்டான். துணியை எடுத்துத் தூரத்துக் கொக்கியில் மாட்டினான். ஒரு லென்ஸை எடுத்து விளிம்பைச் சக்கரத்தில் வைத்தான். போனுக்குத் தெரியாத விரல்களின் வழியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோடு இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.