படத்தில் ஓடிய அலை

இலத்திரன் நுணுக்குக்காட்டியின், அதுதான் எலெக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்பின், படத்தைக் கலக்கிக்கொண்டு ஓடும் அலைக்கு ஆய்வுகூடத்தின் பின்னால் போகும் உயர் அழுத்த மின்கம்பிதான் காரணம் என்று நிரோஜா இரண்டு குளிர்காலமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஆதாரமும் வைத்திருந்தாள். குளிர் கூடின நாட்களில் அலையும் கூடும்.

"மொன்றியல் முழுக்க ஹீற்றர் போட்டால் கம்பியில கரண்ட் கூடாமல் என்ன செய்யும்?" என்று கேட்டு எல்லாருடைய வாயையும் அடைத்துவிடுவாள்.

இன்றைக்குத் திருத்த வேலைக்காக அந்தக் கம்பியை நிறுத்துகிறார்கள். ஆய்வுகூடத்துக்கு மின்சாரம் வேறு பக்கத்தால் வருவதால் கருவி ஓடும். வெளியே மைனஸ் இருபத்தைந்து. நிரோஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கூட வேலை செய்யும் கீர்த்திகன் போனைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "அக்கா, நிப்பாட்டிட்டாங்கள்!"

அவள் பாய்ந்துபோய்த் திரையின் முன்னால் அமர்ந்தாள். அலை அசராமல் ஓடிக்கொண்டிருந்தது.

"விசர் மெஷின்!"

ஆத்திரத்தில் மேசைக்குக் கீழே ஓங்கி உதைத்தாள். ஏதோ சரிந்து விழுந்தது. அதோடு அலையும் நின்றது. படம் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரித் தெளிந்தது.

"போயிட்டுது! கீர்த்தி, அலை போயிட்டுது! ஓடி வந்து பார்!"

கீர்த்திகன் திரையைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்தான். கால் குளிருது என்று அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த குட்டி ஹீற்றர், விழுந்ததும் தானாக நின்றுபோய்க் கிடந்தது. அவன் அதை நிமிர்த்தி வைத்தான்.

அலை திரும்ப ஓடத் தொடங்கியது.

"மொன்றியல் முழுக்கப் போடுற ஹீற்றரில இதையும் சேர்த்தனீங்களோ, அக்கா?"